சளி, இருமல் மருந்து வாங்கும் முன்: கவுண்டரில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் 16 வருடமாக நிற்கிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் முகங்கள்தான் மாறும், கேள்வி மாறாது. பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது அரை பதில்தான் சொல்ல முடிகிறது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, மீதிப் பதிலை இங்கே வைக்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. டாக்டரிடம் போங்கள் என்று எங்கே எழுதியிருக்கிறேனோ, அங்கே போய்விடுங்கள்.

வெறும் சளிதான். மாத்திரை போடணுமா, தானா போயிடுமா?

தானாகப் போய்விடும். சாதாரணச் சளி வைரஸால் வருவது. அதைக் கொல்லும் மாத்திரை எங்கள் கடையில் மட்டுமல்ல, எந்தக் கடையிலும் இல்லை. நாங்கள் விற்பதெல்லாம் மூக்கொழுகல், உடம்பு வலி, இருமல் இவற்றைக் கொஞ்சம் அடக்கி வைப்பவை. ஒரு வாரம், பத்து நாளில் சளி விட்டுவிடும். இருமல் மட்டும் இன்னும் ஒன்றிரண்டு வாரம் இழுக்கும்.

எது அதிகமாகப் படுத்துகிறதோ அதற்கு மட்டும் மருந்து வாங்குங்கள். மூக்கு மட்டும் ஒழுகுகிறவர் நாலு மருந்து கலந்த மாத்திரையை விழுங்கத் தேவையில்லை.

அக்கா, சளி, காய்ச்சல், கை கால் குடைச்சல். மூணு வேளைக்கு மாத்திரை கட்டிக் கொடுங்க.

தயவுசெய்து இப்படிக் கேட்காதீர்கள். வெள்ளைக் கவரில் வேளைக்கு நாலு மாத்திரை கத்தரித்துப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும், காலாவதித் தேதி வேறு யாருடைய கவருக்கோ போயிருக்கும். உள்ளே என்ன இருக்கும்? பெரும்பாலும் ஒரு பாராசிட்டமால், ஒரு அலர்ஜி மாத்திரை, ஒரு வலி மாத்திரை. சில கடைகளில் நாலாவதாக ஒரு குட்டி வெள்ளை மாத்திரையும் சேரும். அது டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டாக இருக்கலாம். போட்ட அன்றே உடம்பு லேசானது போலிருக்கும், 'அந்தக் கடை மாத்திரை கேட்கும்' என்று பேரும் வந்துவிடும். நோய் அப்படியேதான் இருக்கும், வெளியே தெரியாது. அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதலாளி சொன்னார் என்று நானும் கட்டிக் கொடுத்தவள்தான். ஒரு பெரியவர் நாலாம் நாள் திரும்பி வந்து, நாக்கு வறள்கிறது, ராத்திரி ஏழெட்டுத் தடவை எழுந்திருக்கிறேன் என்றார். சுகர் இருக்கிறதா என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிட்டிருந்தது. அன்றோடு கவர் கட்டுவதை விட்டுவிட்டேன். முழு அட்டையாக வாங்குங்கள். கடைக்காரர் வெட்டித்தான் தருவேன் என்றால், பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில டோலோ போட்டேன். இப்ப சளி மாத்திரை ஒண்ணு போட்டுக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். டோலோ, கால்பால், குரோசின் எல்லாம் பாராசிட்டமால்தான், பெயர்தான் வேறு. சினரெஸ்ட், விக்ஸ் ஆக்‌ஷன் 500 போன்ற சளி மாத்திரைகளிலும் அதே பாராசிட்டமால் இருக்கிறது. உடம்பு வலிக்கு என்று வாங்கும் அசெக்ளோஃபெனாக் மாத்திரை பலவற்றிலும் கூடவே 325 மி.கி. பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 650 மி.கி. மாத்திரை மூன்று வேளைக்கு 1,950. சளி மாத்திரை 500 வீதம் மூன்று வேளைக்கு 1,500. வலி மாத்திரை இரண்டு வேளைக்கு 650. மொத்தம் 4,100 மி.கி. நல்ல ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளின் உச்ச அளவு 4,000 தான். பல டாக்டர்கள் 3,000-க்கு மேல் போக விடுவதில்லை. தினமும் குடிப்பவர், மஞ்சள் காமாலை வந்தவர், ரொம்ப மெலிந்தவர் என்றால் அளவு இன்னும் குறைய வேண்டும், கேட்டுத்தான் போட வேண்டும். ஈரல் கெடுவது முதல் நாளில் வெளியே தெரியாது. கண் மஞ்சளாகும்போது நேரம் கடந்திருக்கும்.

ஆகவே அட்டையின் முன்பக்கப் பெயரைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் உள்ளே இருப்பது என்ன என்று வரிசையாகப் போட்டிருக்கும். இரண்டு அட்டையிலும் ஒரே பெயர் வந்தால் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டோலோ போட்டு ஆறு மணி நேரம் ஆகிவிட்டதென்றால், அடுத்த வேளைக்கு அதற்குப் பதிலாகச் சளி மாத்திரை போடலாம். சேர்த்துப் போடக்கூடாது.

எனக்கு பி.பி. இருக்கு. சளி மாத்திரை ஒத்துக்குமா?

மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் இரண்டும் ரத்தக்குழாயைச் சுருக்கித்தான் வேலை செய்கின்றன. மூக்கில் மட்டும் சுருக்கு என்று சொன்னால் அவை கேட்காது. ரத்த அழுத்தம் ஏறலாம், நெஞ்சு படபடக்கலாம். பி.பி. கட்டுக்குள் இல்லாதவர்கள், இதய நோயாளிகள், தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள் இந்த இரண்டு பெயரும் இல்லாத மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. வாய்வழி ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்பைக் குறைப்பதாகவே தெரியவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் சொல்லிவிட்டது. பயன் சந்தேகம், பி.பி. ஏறும் வாய்ப்பு நிச்சயம். அதை எதற்கு விழுங்க வேண்டும்? மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும்.

சொட்டு மருந்து போட்டாத்தான் மூக்கு திறக்குது, தூக்கமே வருது. ஆறு மாசமா போடுறேன்.

உங்கள் மூக்கு அடைப்பதே இப்போது அந்தச் சொட்டு மருந்தால்தான். ஓட்ரிவின், நாசிவியான் வகைச் சொட்டுகளை மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் போடலாம். அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் இறங்கியதும் மூக்கின் உள்சதை முன்னைவிட அதிகமாக வீங்கும். அதற்கு மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள், வேறு ஸ்பிரே எழுதித் தந்து இதிலிருந்து வெளியே கொண்டுவருவார். உப்புநீர்ச் சொட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பெயரில் ஒற்றுமை இருப்பதால் இரண்டையும் மாற்றி வாங்குகிறவர்கள் உண்டு, பின்பக்கம் பாருங்கள்.

மாத்திரை போட்டா கண்ணைச் சொருகுது. வண்டி ஓட்டலாமா?

கூடாது. சளி மாத்திரையில் சேரும் அலர்ஜி மருந்துகளான குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் இரண்டும் நன்றாகத் தூங்க வைக்கும். செட்ரிசின், லெவோசெட்ரிசின் குறைவு என்பார்கள், ஆனால் சிலரை அதுவும் சாய்த்துவிடும். முதல் தடவை போடுவதை ராத்திரியில் போட்டுப் பாருங்கள். எங்கள் கடைக்கு டிரைவர்கள் அதிகம் வருவார்கள். இரவு பஸ் எடுக்கப்போகிறவர் சளி மாத்திரை கேட்டால், டூட்டி எத்தனை மணிக்கு என்று கேட்காமல் கொடுப்பதில்லை. இந்த மாத்திரைக்கு மேல் மது குடித்தால் மயக்கம் இரட்டிப்பாகும், மூச்சே மந்தப்படலாம்.

வயதானவர்களுக்கு வேறு ஒரு தொந்தரவு. புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு இந்த மாத்திரையால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். கண்ணழுத்த நோயில் ஒரு வகைக்கும் இது ஆகாது. 'சளிக்கு மாத்திரை போட்டார், ராத்திரி முழுக்க ஒண்ணுக்குப் போக முடியலை' என்று மகன் ஓடி வந்த சம்பவம் ஒன்றல்ல.

அலர்ஜிக்கு என்று மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையை மாதக்கணக்கில் தாங்களாகவே வாங்கிப் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதனால் சிலருக்குக் கெட்ட கனவு, மனச்சோர்வு, எரிச்சல் வருவதாக அமெரிக்காவில் 2020-ல் கடும் எச்சரிக்கை அச்சிட வைத்தார்கள். டாக்டர் சொன்ன நாளோடு நிறுத்துங்கள்.

இருமலுக்கு நல்ல சிரப்பா ஒண்ணு கொடுங்க.

எந்த இருமல்? வறட்டு இருமலை அடக்க டெக்ஸ்ட்ரோமெத்தார்பன். கட்டிச் சளியை இளக்க அம்ப்ராக்சால், குவைஃபெனசின். சளியோடு வரும் இருமலை அடக்கினால் வெளியே வர வேண்டியது உள்ளேயே தங்கிவிடும். லெவோசால்புடமால், டெர்புட்டலின் சேர்ந்த சிரப் மூச்சுக்குழாய் இறுகி இழுப்பவர்களுக்கானது. மற்றவர்கள் குடித்துவிட்டுக் கை நடுங்குது, நெஞ்சு அடிக்குது என்று வந்து நிற்பார்கள்.

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ எஸ்சிட்டலோபிராம், ஃபுளுவாக்சிட்டின், செர்ட்ராலின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனைத் தவிருங்கள். இரண்டும் மோதினால் நடுக்கம், வியர்வை, குழப்பம் என்று ஆபத்தாகலாம். பக்கத்தில் தெரிந்தவர்கள் நிற்கும்போது அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், சீட்டில் எழுதி நீட்டுங்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

எனக்கு சுகர். சிரப் குடிச்சா ஏறிடுமா?

சர்க்கரை சேர்க்காத சிரப் இருக்கிறது, லேபிளில் போட்டிருக்கும், கேட்டு வாங்குங்கள். மேலே சொன்ன வெள்ளைக் கவர்தான் இதைவிடப் பெரிய வில்லன். காய்ச்சலே சர்க்கரையை ஏற்றும் என்பதால் இந்த நாட்களில் ஒரு தடவை கூடுதலாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் விடவே மாட்டேங்குது. இன்னும் ஸ்ட்ராங்கா ஒண்ணு கொடுங்களேன்.

மழைக்காலத்தில் இதைக் கேட்டால் எனக்குப் பயம். டெங்குவாக இருந்தால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் ஆசிட், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். இன்ன காய்ச்சல் என்று தெரியும் வரை பாராசிட்டமாலும் நிறைய நீராகாரமும்தான். மூன்றாம் நாளும் காய்ச்சல் அடித்தால் 'ஸ்ட்ராங்' மாத்திரை தேடாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். இதயத்துக்காக டாக்டர் எழுதிய ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், காய்ச்சல் இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.

குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, மூளையையும் ஈரலையும் தாக்கும் ஒரு கோளாறு வரலாம். நிமசுலைடு என்ற வலி, காய்ச்சல் மருந்தை 12 வயதுக்குட்பட்டோருக்கு 2011-லேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். வீட்டு டப்பாவில் பழைய அட்டை கிடந்தால் எடுத்துப் போடுங்கள்.

அசித்ரோமைசின் மூணு நாள் போட்டா சரியாகிடும்ல?

ஆகாது. அது பாக்டீரியாவுக்கான மருந்து. முதல் பதிலில் சொன்ன மாதிரி சளி வைரஸால் வருவது. போன முறை மூன்றாம் நாள் சரியானது என்றால், மாத்திரை போடாவிட்டாலும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் சரியாகியிருக்கும்.

பாப்பாவுக்கு ஒன்றரை வயசு. போன தடவை டாக்டர் எழுதின சளி சிரப் பாதி இருக்கு. கொடுக்கலாமா?

வேண்டாம். இரண்டு வயதுக்குள் சளி, இருமல் சிரப் எதுவும் எழுதக்கூடாது, ஐந்து வயது வரையும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சொட்டு மருந்தை நாலு வயதுக்குள் கொடுக்கக்கூடாது என்று லேபிளில் அச்சிட 2023 டிசம்பரிலேயே உத்தரவு வந்தது. அதற்கு முன் வாங்கிய பாட்டிலில் அந்த வரி இருக்காது. திறந்த சிரப்பை அடுத்த மழைக்காலம் வரை வைத்திருக்கவும் கூடாது.

அப்போ என்னதான் செய்வது? மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, அடிக்கடி தாய்ப்பால் அல்லது வெதுவெதுப்பான ஆகாரம், காய்ச்சல் இருந்தால் எடைக்கேற்ற பாராசிட்டமால். பிறகு மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ கடைக்கு வராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்றாலே டாக்டர்தான்.

டாக்டர் 'ஆறு மில்லி' ன்னு சொன்ன ஞாபகம். சொட்டு மருந்துதான் வீட்ல இருக்கு, அதையே ஆறு மில்லி ஊத்தலாமா?

நல்ல வேளை கேட்டீர்கள். பாராசிட்டமால் சிரப் ஒன்றில் 5 மி.லி.க்கு 120 மி.கி., இன்னொன்றில் 250 மி.கி. இருக்கும். சொட்டு மருந்திலோ ஒரே மி.லி.க்கு 100 மி.கி. வரை. பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மி.கி. போதும் (கிலோவுக்கு 10 முதல் 15). ஆறு மி.லி. சொட்டு ஊற்றினால் 600 மி.கி., அதாவது நாலு வேளை மருந்து ஒரே மடக்கில். மி.லி. கணக்கை மட்டும் ஞாபகம் வைத்தால் இப்படித்தான் ஆகும். எந்த பாட்டிலில் எத்தனை மி.லி. என்று சேர்த்து எழுதி வாங்குங்கள்.

சமையல் ஸ்பூன் வேண்டாம், ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. பாட்டிலோடு வரும் மூடியிலோ ஊசி இல்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.

அந்த காஞ்சிபுரம் சிரப் சமாச்சாரத்துக்கு அப்புறம் எதை நம்புறதுன்னே தெரியலை. நல்ல சிரப்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிரப்பில் மருந்தைக் கரைக்க புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற திரவங்கள் சேர்ப்பார்கள். மலிவான தொழிற்சாலைச் சரக்கைச் சோதிக்காமல் ஊற்றினால் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கூடவே வந்துவிடும். அதுவும் இனிப்பாகத்தான் இருக்கும், காய்ச்சினாலும் போகாது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பின் ஒரு பேட்ச்சில் 48.6 சதவீதம் இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலும் சுற்றுப்பகுதியிலும் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழக அரசு அதைத் தடை செய்தது, உற்பத்தி உரிமமும் போனது. 1937-ல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோர், 1986-ல் மும்பையில், 2022-ல் காம்பியாவில் என்று இதே விஷம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. எனக்கு இதில் கோபம்தான் மிஞ்சுகிறது. சோதனை செய்திருந்தால் பிடிபட்டிருக்கும்.

உங்கள் கையில் இருப்பது இவ்வளவு: தேவையில்லாத சிரப்பை வாங்காமல் இருப்பது, பில் போட்டு வாங்குவது, மருந்து முடியும் வரை பாட்டிலையும் பேட்ச் எண்ணையும் வைத்திருப்பது. சிரப் கொடுத்த பிறகு வாந்தி, வயிற்று வலி வந்து, ஆறேழு மணி நேரமாகக் குழந்தை சிறுநீரே கழிக்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அதான் நாங்க மருந்தே கொடுக்கறதில்ல. பாட்டி வைத்தியம்தான். அதுல பயமில்லையே?

சிலதில் இல்லை. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அரை ஸ்பூன் தேன் இருமலுக்கு நன்றாகவே கேட்கும். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவக்கூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். பெரியவர்களுக்குச் சுக்கு, மிளகு, கற்பூரவல்லி, துளசி எல்லாம் சரி.

பயப்பட வேண்டியவை மூன்று. முதலாவது கற்பூரம். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிக் கைக்குழந்தையின் மார்பில் தேய்ப்பது பல வீடுகளில் உண்டு. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும். கொஞ்சம் வாய்க்குள் போனாலே வலிப்பு வரலாம். விக்ஸ் களிம்பிலும் கற்பூரம்தான், இரண்டு வயதுக்குள் வேண்டாம். இரண்டாவது, தலைக்கு ஊற்றும் நாளில் மூக்கில் எண்ணெய் விடுவது. அது நுரையீரலுக்குள் இறங்கினால் ஒரு வகை நிமோனியா வரும், இருமல் மருந்து எதற்கும் அது அடங்காது. மூன்றாவது ஆவி. குழந்தையை மடியில் வைத்துக் கொதிக்கும் குண்டான் முன்னால் போர்வை போர்த்தினால், ஒரு உதை போதும், குண்டான் கவிழ்ந்துவிடும்.

பி.பி.காரர்களுக்குத் தனியாக ஒன்று: அதிமதுரத்தை நாள்கணக்கில் மென்றால் உடம்பில் உப்பு தேங்கி அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சிறுநீரை அதிகம் போக வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் மோசம்.

மருமக முழுகாம இருக்கா. சளிக்கு என்ன கொடுக்கலாம்?

நான் எதையும் எடுத்து நீட்ட மாட்டேன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், தேவையான அளவு மட்டும், அதுவும் மகப்பேறு டாக்டரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு. மூக்கடைப்பு மாத்திரை வேண்டாம். ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரை, முக்கியமாக ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

எல்லா சிரப்பும் குடிச்சாச்சும்மா. மூணு மாசமா இருமல் நிக்கல.

போன வருடம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இப்படித்தான் சொன்னார். வறட்டு இருமல், ராத்திரியில் அதிகம். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் எடுத்து வாருங்கள் சார் என்றேன். மறுநாள் மஞ்சப்பையைக் கவுண்டரில் கவிழ்த்தார். பி.பி.க்கு ராமிபிரில். அதைத் தொடங்கி நாலு மாதம், இருமல் மூன்று மாதம். ராமிபிரில், எனலாபிரில் என்று 'பிரில்' என முடியும் மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொண்டுவரும். எத்தனை பாட்டில் குடித்தாலும் அது நிற்காது. ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பி.பி. எகிறும். அவருடைய டாக்டர் வேறு வகை மாத்திரைக்கு மாற்றினார். இருமல் அடங்க இன்னும் இரண்டு மூன்று வாரம் பிடித்தது.

பிரில் எதுவும் இல்லை என்றால்? நெஞ்செரிச்சலோடு வரும் இருமலுக்கு வயிற்று அமிலம் காரணமாக இருக்கலாம், இழுப்போடு வந்தால் ஆஸ்துமா. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் என்றால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சளிப் பரிசோதனைக்கு வழி செய்வார்கள், அரசு மருத்துவமனைகளில் சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து ஆழமாக இருமி வரும் சளியைக் கொடுக்க வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் திரும்ப வரச் சொல்வார்கள்.